பாதிக் காது செய்தவர்

1849-இல் பாரிஸ் நகரில் சுருக்கெழுத்தின் வரலாறு பற்றி ஒரு புத்தகம் வெளிவந்தது. பேசுகிறவரின் வேகத்துக்கு ஈடுகொடுத்து எழுத, பழங்காலம் தொட்டு மனிதர்கள் என்னென்ன வழி கண்டார்கள் என்று அதில் தொகுத்திருந்தவர் எதுவார் லியோன் ஸ்காட் த மார்தன்வில். நிறையப் படித்தவர், ஆனால் பேராசிரியர் அல்லர். எழுத்துக் கோப்பது, மெய்ப்புத் திருத்துவது என்று அச்சுக்கூடத் தொழிலில் ஊறியவர். அறிவியல் நூல்கள் அச்சாகும் இடத்தில் வேலை என்பதால், ஐரோப்பாவின் புதிய ஆராய்ச்சிகள் மையின் ஈரம் காயாமல் அவர் கைக்கு வந்தன.

எவ்வளவு தேர்ந்த சுருக்கெழுத்தாளரும் சொல்லைத்தான் பிடிக்கிறார், குரல் நழுவிவிடுகிறது. பெரிய நடிகர்களும் பாடகர்களும் தங்கள் மேதைமையின் சுவடு கூட இல்லாமல் மறைந்துபோகிறார்களே, அவர்கள் உச்சரித்த விதத்தில் கொஞ்சமாவது வரும் தலைமுறைக்குக் காப்பாற்றித் தர முடியாதா என்று ஸ்காட் எழுதியிருக்கிறார். பேச்சு தன்னைத்தானே எழுதிக்கொள்ள வேண்டும். இடையில் இன்னொருவருடைய கை இருக்கக் கூடாது. அவருடைய கனவு இதுதான். ஒலியைத் திரும்பக் கேட்பது அந்தக் கனவில் எங்கும் இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் மற்றதெல்லாம் புரியும்.

1850-களின் முற்பகுதியில் ஓர் உடலியங்கியல் நூலின் மெய்ப்பு அவர் பார்வைக்கு வந்தது. அதில் மனிதக் காதின் உள்ளமைப்பைக் காட்டும் படங்கள் இருந்தன. புறச்செவியின் குழாய், அதன் முடிவில் தோல் போல இழுத்துக் கட்டிய செவிப்பறை, அதை ஒட்டிச் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று சின்னஞ்சிறு எலும்புகள். ஒளிப்படக் கருவி அப்போது பாரிசில் பரபரப்பாகப் பேசப்பட்ட புதுமை. கண்ணைப் போன்ற ஒரு கருவி காட்சியைத் தகட்டில் பிடிக்கிறது என்றால், காதைப் போன்ற ஒரு கருவி ஒலியைத் தாளில் பிடிக்காதா? மெய்ப்புத் திருத்துபவரின் மனம் அங்கே பற்றிக்கொண்டது.

அவர் செய்த கருவிக்கு ஃபோனாட்டோகிராஃப் என்று பெயர். ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகிய புனல், காதுக் குழாயின் இடத்தில். குறுகிய வாயில் இழுத்துக் கட்டிய மெல்லிய சவ்வு, செவிப்பறையின் இடத்தில். சவ்வின் மேல் ஒட்டிய ஒரு விறைப்பான பன்றி மயிர், எலும்புகளின் இடத்தில். மயிரின் நுனி மெல்லத் தொடும்படி ஓர் உருளை. அதைச் சுற்றிப் புகைக்கரி படிந்த தாள். புனலுக்குள் பாடிக்கொண்டே உருளையைக் கையால் சுற்ற வேண்டும். உருளை ஒரு திருகின் மேல் ஏறியிருப்பதால், சுற்றும்போதே பக்கவாட்டிலும் நகரும். அதனால் ஒரு சுற்றின் கோடு அடுத்ததன் மேல் விழுவதில்லை.

தாளைத் தயார்செய்வதே ஒரு கைவேலை. எண்ணெய் விளக்கின் திரியைத் தூண்டிப் புகையவிட்டு, அந்தப் புகையின் மேல் உருளையைச் சுற்றிச் சுற்றிக் கரியை ஒரே சீராக ஏற்ற வேண்டும். கரி தடித்தால் மயிர் இழுபடும். மெலிந்தால் கோடு தெரியாது. பதிவு முடிந்ததும் தாளைப் பிரித்து, கரி உதிராமல் இறுக ஒரு திரவத்தில் தோய்த்து உலர்த்த வேண்டும். கறுப்புப் பரப்பில் மயிர் கீறிய இடமெல்லாம் வெளுத்து, நெளிநெளியான கோடுகள் எஞ்சும். உடலியங்கியல் ஆய்வுக்கூடங்களில் இதே புகைத்தாள் முறை இன்னும் நெடுங்காலம் வாழ்ந்தது. நம் மருத்துவக் கல்லூரிகளில் தவளைத் தசையின் துடிப்பைக் கைமோகிராஃப் உருளையில் பதிவுசெய்து பழகிய மூத்த மருத்துவர்களுக்கு அந்தக் கரியின் வாசனை நினைவிருக்கும்.

அந்த நெளிவுகளில் என்ன இருக்கிறது? ஒலி என்பது காற்றின் அழுத்தம் மாறி மாறிக் கூடுவதும் குறைவதும்தான். அழுத்தம் கூடும்போது சவ்வு உள்ளே தள்ளப்படுகிறது, குறையும்போது வெளியே வருகிறது. ஒட்டியிருக்கும் மயிரும் அப்படியே ஆடுகிறது. உரக்கப் பாடினால் நெளிவு அகலமாகும். குரல் உச்சத்துக்குப் போனால் நெளிவுகள் நெருங்கும். ஒரே சுரத்தைப் புல்லாங்குழலும் மனிதத் தொண்டையும் எழுப்பினால் நெளிவின் வடிவம் வேறுபடும். இப்படி ஒரு நொடியின் நூற்றில், ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் நடப்பதை மனிதக் கண் நிதானமாகப் பார்க்க முடிந்ததே பெரிய காரியம். அதிரும் இசைக்கவையின் நுனியால் கரித்தாளில் கோடு போடும் வேலையைச் சில இயற்பியலாளர்கள் முன்பே செய்திருந்தார்கள். காற்றில் வரும் ஒலியை, அதிலும் மனிதக் குரலை, எழுதவைத்தவர் ஸ்காட்தான்.

1857 ஜனவரியில் தம் கோட்பாடுகளை எழுதி, முத்திரையிட்ட உறையில் வைத்துப் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் ஒப்படைத்தார். மார்ச் 25-ஆம் நாள் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பிறகு ருடால்ஃப் கோனிக் என்ற கருவிக் கைவினைஞரோடு சேர்ந்தார். வயலின் செய்யக் கற்று, ஒலியியல் கருவிகளுக்கு வந்தவர் கோனிக். அவர் கைபட்டதும் கருவி செம்மையானது. கோனிக் அதைத் தம் விலைப்பட்டியலில் சேர்த்து, ஆய்வுக்கூடங்களுக்கு விற்றார். கருவி பரவியது. ஆனால் அதை ஆக்கியவர் கண்டுபிடிப்பின் பெருமை தம் கையைவிட்டு நழுவுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. பட்டமோ பதவியோ இல்லாத அச்சுத் தொழிலாளிக்கு அன்றைய அறிவியல் உலகில் இடம் அவ்வளவுதான்.

இனி அந்தக் கனவுக்கு வருவோம். தாளில் விழுந்த பேச்சை யாராலும் படிக்க முடியவில்லை. ஸ்காட்டாலும் முடியவில்லை. பழகப் பழக நெளிவுகளை எழுத்துகளைப் போலப் படித்துவிடலாம் என்று அவர் நம்பினார். அது ஏன் நடக்கவில்லை என்பதில்தான் இந்தக் கதையின் அறிவியல் முழுவதும் இருக்கிறது.

'ஆ' என்று ஓர் ஆண் குரல் ஒலித்தால், நொடிக்கு 120 அதிர்வு அளவில் அடிச்சுருதி இருக்கும். கூடவே அதன் இரு மடங்கு, மும்மடங்கு என்று பல அதிர்வுகள் அடுக்கடுக்காக எழும். வாயின் வடிவம் அவற்றில் சிலவற்றை ஓங்கவைத்து, சிலவற்றை அமுக்குகிறது. 'ஆ' என்னும்போது சுமார் 700-ஐயும் 1,100-ஐயும் ஒட்டியவை ஓங்கும். 'ஈ' என்னும்போது 300-ஐயும் 2,200-ஐயும் ஒட்டியவை. இந்த வேறுபாட்டை வைத்துத்தான் உயிரெழுத்துகளைப் பிரித்து அறிகிறோம். ஆனால் சவ்வு ஒன்றுதான், மயிரும் ஒன்றுதான். இத்தனை அதிர்வுகளும் கூட்டிக் கழித்து ஒரே அசைவாகி, ஒரே கோடாகத் தாளில் இறங்குகின்றன. அந்தக் கோட்டில் எல்லாம் இருக்கிறது, ஆனால் எதுவும் தனியாக இல்லை. போதாததற்கு, அதிர்வுகள் ஒன்றுக்கொன்று சற்று முன்பின்னாகத் தொடங்கினாலும் கோட்டின் வடிவமே மாறிவிடும். காதுக்கோ பெரிய வேறுபாடு தெரியாது. ஒரே சொல்லை இருவர் சொன்னால் இரண்டு கோடுகள். ஒருவரே இருமுறை சொன்னாலும் இரண்டு கோடுகள்.

அப்படியென்றால் நம் காது எப்படிப் பிரிக்கிறது? செவிப்பறைக்கும் மூன்று எலும்புகளுக்கும் அப்பால், உள்செவியில் நத்தைக்கூடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. நீட்டினால் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர். உள்ளே திரவம், நீளவாக்கில் ஒரு சவ்வு. அந்தச் சவ்வு ஒரு முனையில் குறுகி விறைப்பாகவும், மறுமுனையில் அகன்று தளர்வாகவும் இருக்கிறது. உச்ச ஒலிகள் விறைப்பான முனையருகே அதை ஆட்டுகின்றன, தாழ்ந்த ஒலிகள் தளர்ந்த முனையருகே. ஆர்மோனியத்தின் கட்டைகள் வரிசையாக அமைந்திருப்பது போல, ஒவ்வோர் அதிர்வுக்கும் அதில் ஓர் இடம் உண்டு. எந்த இடம் ஆடியதோ அங்குள்ள நரம்பு மூளைக்குச் செய்தி சொல்கிறது. இந்த வேலைப்பாட்டை விளக்கியதற்காக கியார்க் வான் பெக்கேசிக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஸ்காட் நகலெடுத்தது காதின் முதல் பாதியை. குழாய், பறை, எலும்பு வரை செய்து முடித்தார். ஒலியைப் பிரித்துப் படிக்கும் மறுபாதி அந்தக் கருவியில் இல்லை. 1850-களில் அதைச் செய்யும் அறிவு உலகில் யாரிடமும் இல்லை. 1940-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஒலியை அதிர்வு வாரியாகப் பிரித்து வரையும் ஸ்பெக்ட்ரோகிராஃப் உருவானபோதுதான் பேச்சைக் கண்ணால் படிப்பது ஓரளவு கைகூடியது. இன்று கைப்பேசியில் மைக் படத்தைத் தொட்டுத் தமிழில் பேசினால், எழுத்து எழுத்தாக விழுகிறது. அதற்குப் பின்னாலுள்ள பெரும்பாலான நிரல்கள் முதலில் செய்வது, வரும் ஒலியை அதிர்வு வாரியாகப் பிரிப்பதைத்தான். ஸ்காட் ஆசைப்பட்டது இதற்குத்தான். பேச்சு தன்னைத்தானே எழுதிக்கொள்கிறது.

பாதிக் காது மற்றவர்கள் கையில் வேறு வேறு பயன் தந்தது. காது கேளாதவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி அளித்துவந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், ஒலியின் வடிவத்தை அவர்களுக்குக் கண்ணால் காட்ட விரும்பினார். பாஸ்டன் நகரத்துக் காது மருத்துவர் கிளாரன்ஸ் பிளேக் அவருக்கு இறந்த ஒருவரின் காதையே எடுத்துக் கொடுத்தார். 1874 கோடையில் பெல் அந்தக் காதின் எலும்பில் ஒரு வைக்கோல் துரும்பை ஒட்டி, புகையேற்றிய கண்ணாடியில் கோடு வரைந்தார். காகிதம் போல மெலிந்த அந்தச் சவ்வு, தன்னைவிடக் கனமான எலும்புகளை ஆட்டுவதைக் கண்டு வியந்தார். அப்படியானால் இன்னும் பெரிய சவ்வு இரும்புத் துண்டையே ஆட்டுமே என்று எண்ணம் ஓடியது. இரண்டு ஆண்டுகளில் தொலைபேசி வந்தது.

பிரான்சில் சார்ல் குரோ என்ற கவிஞர் 1877 ஏப்ரலில் ஒரு கடிதத்தை முத்திரையிட்டு அறிவியல் கழகத்தில் கொடுத்துவைத்தார். கரித்தாளில் விழும் கோட்டை ஒளிச்செதுக்கு முறையில் உலோகத்தில் பள்ளமாக்கி, அந்தப் பள்ளத்தில் ஓர் ஊசியை ஓடவிட்டால் சவ்வு மறுபடி அதே போல ஆடும், அதே ஒலி எழும் என்பது அதன் சாரம். யோசனை முழுமையானது. கருவி செய்யத்தான் அவரிடம் வசதி இல்லை.

அந்த ஆண்டு முடிவதற்குள் நியூஜெர்சியின் மென்லோ பார்க்கில் எடிசன் செய்து காட்டிவிட்டார். ஜான் குரூசி என்ற கைதேர்ந்த இயந்திரத் தொழிலாளி 1877 டிசம்பர் தொடக்கத்தில் கருவியை முடித்துக் கொடுத்தார். புனல், சவ்வு, ஊசி, கையால் சுற்றும் திருகு உருளை என்று பார்த்தால் ஸ்காட்டின் கருவிக்கு உடன்பிறப்பு. மாறியது இரண்டுதான். கரித்தாளுக்குப் பதில் வெள்ளீயத் தாள். கீறுவதற்குப் பதில் அழுத்துவது. ஊசி மேலும் கீழும் ஆடி, தாளில் பள்ளமும் மேடுமாகப் பதிந்தது. கரிக்கோட்டால் எதையும் தள்ள முடியாது. பள்ளத்தால் ஓர் ஊசியைத் தள்ள முடியும். அதே வழியில் ஊசி திரும்ப ஓடியபோது சவ்வு ஆடியது, காற்று ஆடியது, குரல் வந்தது. டிசம்பர் 7 அன்று நியூயார்க்கில் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழ் அலுவலகத்தில் மேசைமேல் வைத்து எடிசன் கைப்பிடியைச் சுற்றினார்; அங்கிருந்தவர்களிடம் இயந்திரம் பேசியது.

எடிசனின் மேதைமையை நான் இங்கேதான் காண்கிறேன். பதிவைப் படிக்கும் வேலையை அவர் இயந்திரத்திடம் கேட்கவே இல்லை. பாதிக் காதைச் செய்து, மறுபாதியைக் கேட்பவரின் தலைக்குள்ளிருக்கும் நத்தைக்கூட்டிடமே விட்டுவிட்டார். ஸ்காட்டுக்குத் தோன்றாத, மிக எளிய வழி அது.

செய்தி பாரிசுக்கு எட்டியபோது ஸ்காட்டுக்கு 60 வயது. ஓவியப் பிரதிகளும் புகைப்படங்களும் விற்கும் கடை ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். 1878-இல் தம் உழைப்பின் வரலாற்றைத் தாமே ஒரு நூலாக வெளியிட்டு, உரிமையை நிலைநாட்ட முயன்றார். எடிசன் செய்தது ஒலியை மீட்டுத் தருவதுதான், பேச்சை எழுதுவது அன்று என்பது அவருடைய வாதம். ஊர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1879 ஏப்ரலில் அவர் காலமானார்.

ஆனால் அவருடைய கோடு பிழைத்தது. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய எமில் பெர்லினர் 1887-இல் கிராமபோனுக்குக் காப்புரிமை பெற்றபோது, எடிசனின் மேடுபள்ளத்தைக் கைவிட்டு ஸ்காட்டின் பக்கவாட்டு நெளிவுக்குத் திரும்பினார். தொடக்கத்தில் புகைக்கரி பூசிய கண்ணாடியில் பதிந்து, ஒளிச்செதுக்கு முறையில் உலோகத்தில் எடுத்தார். பிறகு மெழுகு பூசிய துத்தநாகத் தட்டில் கீறி, அமிலத்தில் அரிக்கவைத்தார். ஒரு மூலத்தட்டிலிருந்து எத்தனை நகல் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்பது உருளையில் கிடைக்காத வசதி. சில ஆண்டுகளில் தட்டுகளை அரக்குக் கலவையில் வார்த்தார்கள். அந்த அரக்கில் பெரும்பகுதி இந்தியக் காடுகளில் விளைந்தது. 1933-இல் 27 வயதிலேயே மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் குரல் இன்று நமக்குக் கேட்கிறது என்றால், அப்படியோர் அரக்குத் தட்டின் வரிகளில், பன்றி மயிர் கற்றுத்தந்த அதே பக்கவாட்டு நெளிவாக அது பதிந்திருப்பதால்தான். மேதைகள் சுவடின்றி மறையக் கூடாது என்று பாரிசில் ஒருவர் எழுதிவைத்த ஆசை, இசை நாடக மேடையின் ஒரு மேதைக்குப் பலித்திருக்கிறது.

ஸ்காட் தம் உரிமைக்குச் சான்றாகக் கொடுத்துவைத்த கரித்தாள்கள் பாரிசின் காப்புரிமை அலுவலகத்திலும் அறிவியல் கழகத்திலும் 150 ஆண்டுகள் பத்திரமாகக் கிடந்தன. அமெரிக்காவைச் சேர்ந்த டேவிட் ஜியோவனோனி, பேட்ரிக் ஃபீஸ்டர் முதலியோர் ஃபர்ஸ்ட் சவுண்ட்ஸ் என்ற குழுவாகச் சேர்ந்து 2007, 2008-இல் அவற்றைத் தேடியெடுத்தார்கள். மிக நுட்பமாக வருடியெடுத்த படிமங்கள் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்துக்குப் போயின. அங்கே கார்ல் ஹேபரும் ஏர்ல் கார்னெலும், தொட்டால் உதிரும் பழைய பதிவுகளைத் தொடாமலே ஒளியால் படிக்கும் முறையை உருவாக்கியிருந்தார்கள். கோடு எந்தக் கணத்தில் எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணினி அளந்தது. அந்த விலகலே காற்றழுத்தம். அதை ஒலிபெருக்கிக்குக் கொடுத்தால் போதும்.

வேகம்தான் சிக்கல். கையால் சுற்றிய உருளை ஓரிடத்தில் விரைந்தும் ஓரிடத்தில் தயங்கியும் ஓடியிருக்கும். சுருதி கன்னாபின்னாவென்று அலையும். இதற்கு மருந்தை ஸ்காட்டே வைத்துவிட்டுப் போயிருந்தார். 1860-ஆம் ஆண்டுப் பதிவுகளில் குரலின் கோட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் இசைக்கவையையும் அதிரவைத்து இரண்டாவது கோடு வரைந்திருந்தார். இசைக்கவை என்றும் ஒரே சீராக ஆடும். எனவே அதன் ஒவ்வொரு நெளிவும் ஒரே நேரம் எடுக்கும்படி கணினியில் கோட்டை இழுத்தும் சுருக்கியும் சரிசெய்தால், பக்கத்துக் குரலும் ஒழுங்குக்கு வந்துவிடும்.

1860 ஏப்ரல் 9 என்று நாளிட்ட தாள், 'ஓ க்ளேர் த லா லூன்' என்ற பிரெஞ்சு நாட்டுப்பாடலின் தொடக்கம். 2008 மார்ச்சில் அதை முதன்முதலாக வெளியிட்டபோது ஒரு சிறுமியோ இளம்பெண்ணோ பாடுவது போல 10 நொடிகள் கேட்டது. உலகச் செய்தித்தாள்கள் எல்லாம் அந்தப் பெண்ணைப் பற்றி எழுதின. அடுத்த ஆண்டு ஆய்வாளர்கள் ஓர் உண்மையைக் கண்டார்கள். இசைக்கவை நொடிக்கு 500 அதிர்வு என்று குறிப்பு இருந்தது. அக்காலப் பிரெஞ்சுக்காரர்கள் கவை இந்தப் பக்கம் போவதை ஒன்று, அந்தப் பக்கம் போவதை ஒன்று என்று எண்ணினார்கள். இன்றைய கணக்கில் அது 250. அதாவது பாடல் இரு மடங்கு வேகத்தில் ஒலித்திருக்கிறது. சரியான வேகத்தில் ஓட்டினால் 20 நொடி. பாடுவது ஓர் ஆண். ஒவ்வொரு சுரத்தையும் நீட்டி, நிறுத்தி, எழுதுகருவிக்காகப் பாடுகிறவரின் நிதானம் அதில் தெரிகிறது. பாடியவர் பெரும்பாலும் ஸ்காட்டாகவே இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் எடிசன் 1877-இல் முதலில் பேசிய வெள்ளீயத் தாள் இன்று இல்லை. சில தடவை ஓட்டினாலே கிழிந்துபோகும் தாள் அது. அன்று அவர் சொன்ன குழந்தைப் பாட்டு என்று இன்று நாம் கேட்பது, கருவியின் பொன்விழாவுக்காக 1927-இல் அவர் மறுபடி சொன்னது. ஒலிக்க வேண்டும் என்று யாரும் நினைக்காத கரித்தாள், ஒலிப்பதற்கென்றே செய்த உலோகத் தாளைவிட நீடித்துவிட்டது. ஸ்காட்டின் தாள்களை 2015-இல் யுனெஸ்கோ 'உலக நினைவு' பதிவேட்டில் சேர்த்தது. ஃபர்ஸ்ட் சவுண்ட்ஸ் குழுவின் இணையதளத்தில் இந்தப் பதிவுகளை யாரும் கட்டணமின்றிக் கேட்கலாம். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேளுங்கள். இரைச்சலுக்கு நடுவே மெட்டைப் பிடித்துவிடலாம்.

பொது அறிவுப் புத்தகங்களைத் தொகுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். 'கிராமபோன்: எடிசன்' என்று இன்னும் பல புத்தகங்களில் அச்சாகி வருகிறது, அது தவறு. குரலை முதலில் பதிந்தவர் ஸ்காட், 1857. பதிந்ததைப் பேசவைத்தவர் எடிசன், 1877. கிராமபோன் தந்தவர் பெர்லினர், 1887. அடுத்த பதிப்பில் இந்த மூன்று வரிகளையும் சேர்த்துவிடுங்கள்.